கணினிக்குச் சொல் கற்பித்த அம்மையார்

கிரேஸ் ஹாப்பர் அம்மையாரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு 555 புத்தகம். மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, அதே உள்ளங்கை அளவுப் புத்தகம்தான். தொழிற்பயிற்சிக் காலத்தில் நான் ஒரு நிறுவனத்தின் ஸ்டோரில் சில மாதங்கள் இருந்தேன். கொள்முதல், சரக்கு இருப்பு, கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் அந்நிறுவனம் அப்போதுதான் ஒரே மென்பொருளுக்குள் கொண்டு வந்திருந்தது. வந்திறங்கிய சரக்கு ஒன்றைப் பதிவு செய்ய ஏழு திரைகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு திரைக்கும் ஒரு குறியீட்டு எண். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வேலை செய்த அக்கா ஒருவர் அந்த எண்களையெல்லாம் தம் 555 புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பதிவு செய்வார். ஓர் எண் மாறினால் சரக்கு வேறொரு கிளையின் கணக்கில் ஏறிவிடும். திட்டு அக்காவுக்கு விழும். நானும் என் பயிற்சி அறிக்கையில், பணியாளர்களுக்குக் கணினி அறிவு போதவில்லை என்று ஒரு வரி எழுதி ஒப்படைத்தேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

அந்த வரி தவறு என்று எனக்கு உணர்த்தியவர் 1992ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட ஓர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி.

கிரேஸ் 1906 டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தவர். ஏழு வயதில், அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வீட்டிலிருந்த கடிகாரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டாராம். அம்மா திட்டவில்லை; இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் கழற்றிக்கொள் என்று எல்லை வகுத்துக் கொடுத்தார். நம் வீடுகளில் இது நடந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்து 1928இல் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1934இல் கணிதத்தில் முனைவரானார். வாசரிலேயே விரிவுரையாளராகப் பணியும் செய்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்திராவிட்டால் அவர் கடைசிவரை கணித விரிவுரையாளராகவே இருந்திருக்கக்கூடும். 1943இன் இறுதியில் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். அப்போது வயது 37. வயதும் கூடுதல், எடையோ தேவையான அளவைவிட ஏறக்குறைய 7 கிலோ குறைவு. சிறப்பு அனுமதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார். கப்பலில் ஏற்றுவார்கள் என்று எதிர்பார்த்தவரை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஹோவர்ட் எய்க்கன் தலைமையில் மார்க் 1 என்னும் கணிப்பொறி இயங்கியது. 51 அடி நீளம், 8 அடி உயரம். துளையிட்ட காகித நாடாவின் வழியாகத்தான் அதற்குக் கட்டளை கொடுக்க முடியும். இன்ன துளை இன்ன வேலைக்கு என்பதை மனிதன்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பொறிக்கு 500 பக்கங்களுக்கு மேற்பட்ட கையேட்டை எழுதும் பணி ஹாப்பருக்கு வந்தது. அது 1946இல் வெளிவந்தது.

ஹாப்பர் என்றவுடன் பலர் அந்துப்பூச்சிக் கதையைச் சொல்வார்கள். 1947 செப்டம்பர் 9ஆம் நாள் மார்க் 2 கணிப்பொறிக்குள் சிக்கிச் செத்துக் கிடந்த பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தது உண்மை. ஆனால் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். கோளாறைப் பூச்சி என்று அழைக்கும் வழக்கமும் அதற்கு முன்பே பொறியாளர்களிடம் இருந்தது. கதையைச் சுவையாகச் சொல்லிப் பரப்பியது மட்டும் அவர்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அங்கிருந்தவர்களின் குறிப்பேடுகள்தான். சைன் மதிப்பு காண்பதற்கோ, அடுக்குக் கணக்கிடுவதற்கோ ஒருவர் கட்டளைத் தொகுப்பு எழுதி, அது சரியாக வேலை செய்துவிட்டால், அதைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வார். அடுத்தவருக்குத் தேவைப்பட்டால் அந்தக் குறிப்பேட்டைக் கடன் வாங்கி, பார்த்துக் கையால் படியெடுப்பார். படியெடுக்கும்போது எண் மாறும். பொறி தவறாக ஓடும். முனைவர் பட்டம் பெற்ற கணித அறிஞர்களே பார்த்து எழுதுவதில் ஓயாமல் பிழை செய்தார்கள் என்பதை ஹாப்பர் கவனித்தார். இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அக்காவின் 555 புத்தகம் கண்முன் வந்து நின்றது.

போருக்குப் பின் அவர் வாழ்க்கை சீராக இல்லை. 1945இல் மணமுறிவு ஏற்பட்டது. ஹார்வர்டில் நிரந்தரப் பணி கிட்டவில்லை. அந்த ஆண்டுகளில் குடிப்பழக்கமும் அவரை வாட்டியது. 1949இல் பிலடெல்பியாவில் எக்கர்ட், மௌக்லி இருவரும் நடத்திய நிறுவனத்தில் சேர்ந்ததுதான் திருப்புமுனை. விரைவில் ரெமிங்டன் ரேண்ட் அந்நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. அங்கே உருவானது யூனிவாக் கணினி.

எண்களைப் பார்த்து எழுதுவது மனிதனுக்கு வராத வேலை, கணினிக்கோ அது தவறாமல் வரும் வேலை. அப்படியானால் அதைக் கணினியிடமே கொடுத்தால் என்ன என்பது ஹாப்பரின் எண்ணம். சரிபார்த்த கட்டளைத் தொகுப்புகளை நாடாவில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பு எண் கொடுத்தார். எந்தத் தொகுப்பு வேண்டும் என்று குறித்துக் கொடுத்தால் போதும். கணினியே அவற்றைத் தேடி எடுத்து, உரிய இடத்தில் பொருத்தி, முழு நிரலை ஆக்கிவிடும். ஏ-0 என்னும் அந்தத் தொகுப்பியைப் பற்றி 1952இல் ஆய்வுக் கட்டுரை படித்தார். கணினி கணக்குப் போடுமே தவிர நிரல் எழுதாது என்று பலர் நம்ப மறுத்தார்கள்.

இதற்குள் கணினியின் வாடிக்கையாளர்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். 1954இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் லூயிவில் நகரத்துத் தொழிற்சாலையில் சம்பளக் கணக்குக்காக யூனிவாக்கைப் பொருத்தியது. சம்பளம், சரக்கு, விலைப்பட்டியல் பார்ப்பவர்களுக்குக் கணிதக் குறியீடுகள் பிடிபடா. அவர்களைக் குறியீடு கற்கச் சொல்வதா, கணினியைச் சொல் கற்கச் செய்வதா? ஹாப்பர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். ஒப்பிடு, மாற்று, எழுது, நிறுத்து என்பன போன்ற ஆங்கிலச் சொற்களாலேயே நிரல் எழுதலாம் என்று 1953 முதல் நிர்வாகத்திடம் சொல்லி வந்தார். கணினிக்கு ஆங்கிலம் புரியாது என்பதே பதிலாக வந்தது.

அவர் விடவில்லை. சிறிய மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார். ஒரே நிரலை முதலில் ஆங்கிலச் சொற்களிலும், பிறகு பிரெஞ்சுச் சொற்களிலும், அடுத்து ஜெர்மன் சொற்களிலும் கொடுத்து ஓட வைத்தார். கணினிக்கு எல்லாச் சொல்லும் வெறும் குறிகளின் வரிசைதான். ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைப்பது எளிது. நிர்வாகத்தினரோ மிரண்டுபோனார்கள். பென்சில்வேனியாவில் செய்த அமெரிக்கக் கணினி பிரெஞ்சும் ஜெர்மனும் பேசுவதா? இனி ஆங்கிலம் மட்டும்தான் என்று உறுதி கொடுத்த பிறகே வேலை நகர்ந்தது. இதை ஹாப்பர் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வாராம். எனக்குச் சிரிப்போடு ஏக்கமும் வந்தது. பிரெஞ்சு ஓடிய இடத்தில் தமிழும் ஓடியிருக்கும் அல்லவா! எழில் என்னும் தமிழ் நிரல்மொழி வருவதற்கு நாம் வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த உழைப்பின் பயன்தான் ஃபுளோமேட்டிக் என்னும் மொழி. அதன் கையேட்டில் உள்ள மாதிரி நிரல் எதைப் பற்றியது தெரியுமா? சரக்கு இருப்பு! சரக்குப் பட்டியலை ஒரு பக்கமும் விலைப் பட்டியலை மறுபக்கமும் வைத்து, பொருள் எண்களை ஒப்பிட்டு, விலை கிடைத்தவற்றை ஒரு பட்டியலிலும் கிடைக்காதவற்றை இன்னொரு பட்டியலிலும் எழுதுவது. ஸ்டோரில் அக்கா நாள்தோறும் செய்த அதே வேலை.

1959 மே மாதம் பென்டகனில் கணினி நிறுவனத்தாரும் அரசுத் துறையினரும் கூடி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான வணிக மொழி ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அப்படிப் பிறந்தது கோபோல். (எங்கள் விரிவுரை அரங்கில் அதன் பெயர் கோபால்!) அதை ஹாப்பர் ஒருவரே படைத்ததாக எழுதுவோர் உண்டு. அது சரியன்று. வரைவை எழுதியது ஒரு குழு. ஹாப்பர் ஆலோசகராக இருந்தார். ஆனால் குழுவினர் பெரிதும் பின்பற்றியது ஃபுளோமேட்டிக்கைத்தான். 1960 டிசம்பரில் ஒரே நிரல் இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓடிக் காட்டியது.

கோபோல் குறையில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். பத்துச் சொல்லில் முடிவதற்கு முப்பது சொல் எழுத வைக்கும். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1975இல் அதைக் கடுமையாகச் சாடினார். மேலாளர்களே தங்கள் நிரலை எழுதிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையும் பெரும்பாலும் பலிக்கவில்லை. எழுதுவதற்கு நிரலர்களே தேவைப்பட்டார்கள். ஆயினும் வேறொருவர் எழுதியதை எடுத்துப் படித்து இது சம்பளக் கணக்கு என்று கண்டுகொள்ள முடிந்தது. அதனால்தான் அந்நிரல்கள் இத்தனை காலம் நிலைத்தன. 2020இல் பெருந்தொற்றின்போது வேலையிழந்தோர் உதவித்தொகைக் கணினிகள் திணற, நியூ ஜெர்சி ஆளுநர் கோபோல் தெரிந்தவர்கள் உதவ முன்வருமாறு வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்.

1966இன் இறுதியில் ஹாப்பருக்குக் கடற்படை ஓய்வு கொடுத்தது. ஏழே மாதங்களில், 1967 ஆகஸ்டில், மீண்டும் அழைத்தது. ஆளுக்கொரு விதமாகிப்போன கோபோலை ஒழுங்குபடுத்த ஆறு மாதம் தேவை என்றார்கள். அந்த ஆறு மாதம் பல ஆண்டுகளாக நீண்டது. அவர் அலுவலகச் சுவரில் முள் இடப்பக்கமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்று தொங்கியது. மணி சரியாகவே காட்டும். பார்ப்பவரின் பழக்கம்தான் தடுமாறும். பேசப் போன இடங்களில் ஏறக்குறைய 30 செண்டிமீட்டர் நீளக் கம்பித் துண்டுகளைக் கையில் கொடுப்பார். ஒரு நானோவினாடியில் மின்சாரம் போகக்கூடிய உச்சத் தூரம் அது. கண்ணுக்குத் தெரியாததைக் கையில் கொடுத்துப் புரிய வைத்த ஆசிரியர்! 1986 ஆகஸ்டில், 79ஆம் வயதில், பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற பழம்பெரும் போர்க்கப்பல் ஒன்றின் மீது அட்மிரல் தகுதியுடன் விடைபெற்றார். 1992 ஜனவரி முதல் நாள் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள். 2016இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

நான் எழுதிய அந்த வரியைத் திருத்த வழியில்லை. அறிக்கை எப்போதோ கோப்பிற்குள் போய்விட்டது. இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புக் கேட்டபோது, சரக்குப் பதிவை எளிமையாக்குவது என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு அக்காவைப் பார்க்கப் போனேன். 555 புத்தகத்தைக் கேட்டதும், எதற்குத் தம்பி என்று கூச்சத்தோடு நீட்டினார். 23 பக்கங்களை நகலெடுத்தேன். ஏழு திரைகளை இரண்டாகக் குறைத்து, எண்களை எடுத்துவிட்டு, கிளைகளின் பெயர்களையே வைத்து ஒரு மாதிரி வரைந்து அடுத்த மாதம் காட்டினேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். சேதமடைந்த சரக்கைத் திருப்பி அனுப்ப இதில் இடமே இல்லையே என்று கேட்டார். அது எனக்குத் தோன்றவே இல்லை. மறுபடியும் வரைந்துகொண்டிருக்கிறேன்.