நாடகமும் நடுவுநிலையும்: நீதியரசர் இராசமன்னார்

தெலுங்கில் நாடகங்கள் எழுதியவர். சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை இருக்கையில் 13 ஆண்டுகள் வீற்றிருந்தவர். சங்கீத நாடக அகாதெமியின் முதல் தலைவர். இத்தனை சிறப்புக்கும் உரியவரான பாகால வேங்கட இராசமன்னாரைத் தமிழுலகம் இன்று ஒரு குழுவின் பெயராகவே நினைவிற் கொண்டுள்ளது. மாநில உரிமை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இராசமன்னார் குழு என்னும் தொடரும் உடன் எழுகிறது. குழுவின் பின்னே நின்ற மனிதரோ மறைந்து நிற்கிறார்.

இராசமன்னார் 1901ஆம் ஆண்டு மே திங்களில் பிறந்தார். தந்தையார் வேங்கடரமண ராவ் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கியவர். தந்தை வழியே தனயனும் சட்டத்துறையில் புகுந்தார். பகலில் வழக்குக் கட்டுகளும் இரவில் நாடகச் சுவடிகளுமாக அவர் இளமை கழிந்தது. அவர் எழுதிய நாடகங்களுள் பெயர் பெற்றது ‘தப்பெவரிதி’. தவறு யாருடையது என்பது அதன் பொருள். ஒரு பக்கத்தாரின் நியாயத்தை மட்டும் கேட்டு எழுந்துவிடாமல் எதிர்ப்பக்கத்தாரையும் மேடையேற்றிப் பேசவிடுவது நாடகக்கலை. நீதிமன்றத்தின் மரபும் அதுவே. அவ்விரண்டும் அவரிடத்தில் ஒன்றாயின.

1944இல் சென்னை மாகாணத்தின் தலைமை வழக்குரைஞர் ஆனார்; 1945இல் நீதிபதி; 1948இல் தலைமை நீதிபதி. விடுதலை பெற்ற நாட்டில் சென்னை உயர்நீதிமன்றத்திற்கு வாய்த்த முதல் இந்தியத் தலைமை நீதிபதி அவரே. 1961 வரை அப்பொறுப்பை வகித்தார்.

அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950ஆம் ஆண்டிலேயே இரு பெரும் வழக்குகள் அவர் முன் வந்தன. ஒன்று, மக்கள் கல்விக் கழகத்தைச் சட்டத்திற்குப் புறம்பானது என மாநில அரசு அறிவித்ததை எதிர்த்து வி.ஜி. ராவ் தொடுத்தது. அவர் தலைமையிலான முழு ஆயம் அத்தடை செல்லாது எனத் தீர்த்தது. மற்றொன்று, கல்லூரி இடங்களை 14, 14ஆகப் பகுத்து வகுப்புவாரியாக வழங்கிய அரசாணையைப் பற்றிய செண்பகம் துரைராசன் வழக்கு. அவ்வாணை அடிப்படை உரிமைக்கு முரணானது என்றே அவர் தலைமையிலான ஆயம் கண்டது. 1951இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. தமிழகம் கொந்தளித்தது. பெரியாரும் பிறரும் கிளர்ந்தெழுந்தனர். அதன் விளைவாக அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யும் உரிமை மாநிலங்களுக்குக் கிட்டியது. எழுதப்பட்ட சட்டமும் ஒரு மாநிலத்து மக்களின் குரலால் அசையக்கூடியது என்பதை, அக்குரலுக்கு இலக்கான தீர்ப்பை வழங்கிய நீதிபதி தம் கண்முன்னே கண்டார்.

1957இல் ஆளுநர் ஏ.ஜே. ஜான் மறைந்தபோது, 1958 தொடக்கம் வரை இராசமன்னார் சென்னை மாநிலத்தின் பொறுப்பு ஆளுநராக இருந்தார். நடுவணரசின் பிரதிநிதி அமரும் இருக்கை எத்தகையது என்பதை அமர்ந்தே அறிந்தார்.

ஓய்வுக்குப் பின், 1964இல் நான்காவது நிதிக்குழுவின் தலைமை அவரைத் தேடி வந்தது. வருமான வரியில் மூன்றில் இரண்டு பங்காக இருந்த மாநிலங்களின் பங்கை 75 விழுக்காடாக உயர்த்துமாறு அக்குழு 1965இல் பரிந்துரைத்தது. அப்பணியின்போது ஓர் உண்மை அவருக்குப் புலனாயிற்று. மாநிலங்களுக்கான நிதியை நிறுத்துப் பகிர்வதற்கென அரசமைப்பு வகுத்த அமைப்பு நிதிக்குழு. அரசமைப்பில் இடமே பெறாத திட்டக்குழுவோ, திட்ட மானியங்கள் வழியாகப் பெருந்தொகையை வழங்கி வந்தது. சட்டத்தின் எழுத்து ஒன்றும் மாறவில்லை. ஆயினும் அதிகாரம் இடம் மாறிவிட்டது. இம்முரண்பாட்டைத் தனிக் குறிப்பாகவே எழுதி வைத்தார்.

1967இல் தமிழகத்தில் ஆட்சி மாறியது. அண்ணாவின் மறைவுக்குப் பின் முதலமைச்சரான கலைஞர் கருணாநிதி, 1969ஆம் ஆண்டு செப்டம்பரில், நடுவணரசுக்கும் மாநிலங்களுக்கும் உள்ள உறவை ஆராய ஒரு குழுவை அமைத்தார். தலைவர் இராசமன்னார்; உறுப்பினர்கள் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியாரும் நீதிபதி பி. சந்திரா ரெட்டியும். வகுப்புவாரி ஆணையைச் செல்லாதெனத் தீர்த்த நீதிபதியை, அவ்வாணையை உயிரெனப் போற்றிய இயக்கத்தின் அரசு தேர்ந்தெடுத்தது எண்ணத்தக்கது. தங்களுக்கு இசைவாகப் பேசுபவரைக் காட்டிலும், எவருக்கும் வளையாதவரின் சொல்லே நாட்டில் எடுபடும் என அவ்வரசு கருதியிருத்தல் வேண்டும்.

குழுவின் அறிக்கை 1971 மே திங்களில் அளிக்கப்பட்டது. மாநிலங்களிடைக் குழுவை உடனே நிறுவ வேண்டும். நிதிக்குழு நிலையான அமைப்பாக வேண்டும். திட்டக்குழுவின் இடத்தில் சட்டத்தால் நிறுவப்பட்ட வல்லுநர் அமைப்பு வேண்டும். எஞ்சிய அதிகாரங்கள் மாநிலங்களைச் சேர வேண்டும். மாநில அமைச்சரவையைக் கலந்தே ஆளுநரை அமர்த்த வேண்டும். ஆட்சியைக் கலைக்கும் 356ஆம் பிரிவை நீக்க வேண்டும். வைத்துக்கொள்வதாயின் சட்டம் ஒழுங்கு முற்றிலும் குலைந்த நிலைக்கு மட்டுமே அது உரியதாக வேண்டும். பொறுப்பு ஆளுநராக இருந்தவரும் நிதியை நிறுத்துப் பார்த்தவருமான ஒருவரின் பட்டறிவு இவற்றுள் ஊடுருவி நிற்கிறது.

இப்பரிந்துரைகளை அடியொற்றி 1974 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. தில்லி செவிசாய்க்கவில்லை. 1976 சனவரி 31இல், எந்தப் பிரிவை நீக்கச் சொன்னாரோ அந்தப் பிரிவாலேயே, குழுவை அமைத்த அரசு கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் 42ஆம் திருத்தம் கல்வி, காடுகள் முதலிய 5 பொருள்களை மாநிலப் பட்டியலினின்றும் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. தாம் காட்டிய திசைக்கு நேர் எதிர்த்திசையில் தேர் ஓடுவதை முதுமையில் அவர் கண்டார். 1979 அக்டோபர் 1ஆம் நாள் மறைந்தார்.

விதை பழுதாகவில்லை. 1977இல் மேற்கு வங்க அரசு இதே கோரிக்கையைத் தன் அறிக்கையாக வெளியிட்டது. 1983இல் நடுவணரசே சர்க்காரியா ஆணையத்தை அமைத்தது. 1990இல் மாநிலங்களிடைக் குழு பிறந்தது. 1994இல் பொம்மை வழக்கில் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், 356ஆம் பிரிவின் பயன்பாடு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது எனத் தீர்த்து, அதற்குக் கடிவாளமிட்டனர். 2000இல் 80ஆம் திருத்தம் நடுவணரசின் வரிகள் அனைத்திலும் மாநிலங்களுக்குப் பங்களித்தது. 2015இல் திட்டக்குழு மறைந்தது. எனினும் அவர் வேண்டிய சட்டபூர்வ அமைப்பு அவ்விடத்திற்கு வரவில்லை. பங்கிடத் தேவையில்லாத மேல்வரிகளும் தீர்வைகளும் நீடித்தன. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது, மாநிலங்கள் தமக்கே உரியதாயிருந்த விற்பனை வரியின் பெரும்பகுதியைப் பொதுமன்றத்தில் ஒப்படைத்தன. 2025இல் தமிழ்நாடு அரசு நீதிபதி குரியன் சோசப் தலைமையில் மீண்டும் ஒரு குழுவை அமைத்தது. 1969இன் வினா அடுத்த நூற்றாண்டிலும் தொடர்கிறது.

கொடுத்ததும் பறித்ததுமாக, ஏறியும் இறங்கியும் செல்லும் இந்நெடுங்கதையில் இராசமன்னார் எந்த அணிக்கும் உரியவராகத் தோன்றவில்லை. இளமையில் தம் நாடகத்திற்கு இட்ட பெயரை முதுமையில் நாட்டின் முன் வினாவாக வைத்தார். தவறு யாருடையது எனக் கேட்டு, தனியொருவர் மீது பழி சுமத்தாமல், தவறு நிகழும் அமைப்பையே சுட்டிக் காட்டினார். அரங்கில் விளக்கு அணைந்து நெடுநாளாயிற்று. வினா மட்டும் விடைக்காகக் காத்திருக்கிறது.