புயலுக்குப் பின் நாற்பது ஆண்டுகள்

அமேசிங் கிரேஸ் என்னும் கீதத்தை நம்மிற் பலர் பாடசாலை நாட்களிலேயே பாடப் பழகியிருக்கிறோம். அதை எழுதிய ஜோன் நியூற்றன் 1725இல் இலண்டனில் பிறந்தவர். வேதத்தைச் சொல்லிக்கொடுத்த தாயார், அவருக்கு ஏழு வயது நிறையுமுன் காலமானார். பதினொரு வயதில் தந்தையாருடன் கப்பலேறிய நியூற்றன், வாலிபத்தில் தெய்வநிந்தனைக்குப் பேர்போனவரானார். மேற்கு ஆபிரிக்கக் கரையில் அடிமை வியாபாரி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து, நோயாலும் பட்டினியாலும் வாடினார்.

1748 மார்ச்சில், தாயகம் திரும்பும் வழியில், அத்திலாந்திக் புயலில் கப்பல் சிதைந்து நீர் புகுந்தது. ஓயாமல் நீர் இறைத்த அந்த இருபத்திரண்டு வயது இளைஞர், இறைவனின் இரக்கத்துக்காக மன்றாடினார். உயிர் தப்பிய அந்நாளை ஆண்டுதோறும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

ஆனால் அதன் பின்னர்தான், 1750க்கும் 1754க்கும் இடையில், அடிமைக் கப்பல்களின் தலைவராக மூன்று பயணங்கள் சென்றார். ஞாயிறுதோறும் மாலுமிகளுக்கு ஆராதனை நடத்தினார். கீழ்த்தளத்திலோ மனிதர் இருவர் இருவராக விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். 1754இல் அவரைக் கடலிலிருந்து நிறுத்தியது மனச்சாட்சியன்று, திடீரென வந்த நோயே.

1764இல் ஒல்னி என்ற ஊரில் குருவானவரானார். கவிஞர் வில்லியம் கூப்பருடன் சேர்ந்து 1779இல் கீதநூல் வெளியிட்டார். அடிமை வியாபாரம் பற்றி வெளிப்படையாக எழுதியது 1788இல்தான். அந்நூலில் தமது பங்கை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்தார்; வில்லியம் வில்பர்போர்சுக்குத் துணைநின்றார். அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில், தமது 82ஆவது வயதில், நியூற்றன் மறைந்தார்.

மேலே மூடியிருந்தாலும் உள்ளே சீழ் கொண்ட புண்ணைத் திறந்து சுத்தம் செய்தாலன்றி அது ஆறாது என்பதை வைத்தியர்களாகிய நாம் அறிவோம். புயலில் அவர் கேட்ட இரக்கம் உடனே கிடைத்தது. அதற்கு விலை கேட்கப்படவில்லை. ஆனால் கீழ்த்தளத்தில் கிடந்தவர்களுக்காக வாய் திறக்க அவருக்கு நாற்பது ஆண்டுகள் எடுத்தன. இறைவன் மன்னித்துவிட்டார் என்ற ஆறுதலோடு நாம் நின்றுவிடுகையில், நம்மால் துன்புற்றவர் இன்னும் காத்திருக்கக்கூடும். மனந்திரும்புதல் அவரையும் சென்றடைய வேண்டும். காலம் கடந்தாயினும், நியூற்றன் அந்தத் தூரத்தை நடந்தார்.