ஐந்து பெட்டிகளில் அடங்கிய சர்க்கஸ்

பொம்மலாட்டம் கண்டு வளர்ந்த தமிழ் மக்களாகிய நாம், கழிபொருள்களைக் கொண்டே ஓர் அரங்கம் அமைத்த அலெக்சாண்டர் கால்டரின் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் நன்று.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1898-ஆம் ஆண்டு பிறந்தவர் கால்டர். தந்தையார் சிற்பி, தாயார் ஓவியர். சிறுவயதில் இவர் தெருவில் கிடந்த செப்புக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கி வந்து, தமக்கையின் பொம்மைகளுக்கு நகை செய்தார். பெற்றோர் அதனை வீண்வேலை என்று கடியவில்லை. கருவிகள் வாங்கித் தந்து, வேலை செய்ய இடமும் ஒதுக்கிக் கொடுத்தனர்.

1919-இல் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார். பல வேலைகள் பார்த்தார். 1922-இல் கப்பலின் கொதிகலன் அறையிலும் உழைத்தார். ஆயினும் மனம் கலையையே நாடியது. சித்திரக் கலை பயின்று, 1925-இல் ஒரு பத்திரிகைக்காக ரிங்லிங் சர்க்கஸுக்கு இரு வாரங்கள் சென்று படங்கள் வரைந்தார்.

மறு ஆண்டு பாரிஸ் சென்றவர், தாமே ஒரு சர்க்கஸ் படைக்கத் தொடங்கினார். கம்பி, தக்கை, துணி, பொத்தான், புட்டி மூடி, ரப்பர்க் குழாய் ஆகியவையே அவருடைய மூலப்பொருள்கள். அவற்றிலிருந்து சிங்கமும், வாள் விழுங்குவோனும், ஊஞ்சல் வீரர்களும் பிறந்தனர். கால்டர் தரையில் மண்டியிட்டு, நூலாலும் நெம்புகோலாலும் அவர்களை ஆட்டுவிப்பார், அறிவிப்பாளரும் அவரே. மனைவியார் லூயிசா இசைத்தட்டுச் சுழற்றுவார். ஊஞ்சல் வீரர் சில வேளை பிடி தவறி விழுவதும் உண்டு. ஆதலின் காண்போர் மூச்சடக்கிப் பார்த்தனர். லெஜே, மிரோ, மோந்திரியான் போன்ற பேரோவியர்களும் அதனைக் கண்டு களித்தனர். குழு பெருகப் பெருக, ஐந்து கைப்பெட்டிகள் தேவைப்பட்டன.

பயின்ற பொறியியலும் வீண்போகவில்லை. எடையும் சமநிலையும் அறிந்த அக்கை, பின்னர் காற்றில் அசையும் சிற்பங்களை ஆக்கியது. 1931-இல் அவற்றுக்கு மொபைல் எனப் பெயரிட்டவர் மார்செல் தூஷாம். உலகப் புகழ் தேடி வந்தது.

1955-ஆம் ஆண்டு சனவரியில், கீரா சாராபாய் அம்மையாரின் அழைப்பை ஏற்று, நாம் பிழைக்க வந்து வாழும் இதே அகமதாபாத் நகரில் கால்டர் தங்கிச் சிற்பங்கள் செய்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும். 1976-இல் நியூயார்க்கில் அவர் மறைந்தார். அவருடைய சர்க்கஸ் அந்நகரின் விட்னி அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

இவ்வரலாற்றைப் படித்தபோது நமது நெஞ்சு நம்மைச் சுட்டது. சென்ற தேர்வுக் காலத்தில், தீப்பெட்டிகளும் சோடாமூடிகளும் கோத்து நம் இளைய மகன் செய்த ரயிலை, படிப்புக்கு இடையூறு என்று குப்பையில் எறிந்தோம். அவன் அழவுமில்லை, மீண்டும் செய்யவுமில்லை. இப்போது பழைய டிரங்குப் பெட்டி ஒன்றை அவனுக்கென ஒதுக்கியிருக்கிறோம். பெட்டி இன்னும் காலியாகவே இருக்கிறது. காலனிப் பெற்றோர்களே, எறியுமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.