சிகரம் தொட்ட சுமைதூக்கி

பினாங்கின் ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கொடிமலை தெரியும். அதன் உயரம் ஏறத்தாழ 833 மீட்டர். அடிவாரத்தில் மலை இரயிலில் ஏறினால் சில நிமிடங்களில் மேலே சென்றுவிடலாம். அங்குள்ள முருகன் கோயிலில் வழிபட்டுவிட்டு அன்றே வீடு திரும்பலாம். இத்தகைய பத்து மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் 8,848 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் சிகரத்தை எட்ட முடியாது. அச்சிகரத்தை முதன்முதலில் அடைந்த இருவருள் ஒருவர் டென்சிங் நோர்கே.

டென்சிங் 1914ஆம் ஆண்டு இமயமலைப் பகுதியில் ஓர் ஏழை ஷெர்ப்பா குடும்பத்தில் பிறந்தார். பள்ளி சென்று எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. இளமையில் வேலை தேடி இந்தியாவின் டார்ஜிலிங் நகருக்கு வந்தார். எவரெஸ்ட் நோக்கிச் செல்லும் வெளிநாட்டுக் குழுக்கள் அங்கிருந்துதான் சுமைதூக்கிகளைத் தேர்ந்தெடுத்தன. 1935ஆம் ஆண்டு எரிக் ஷிப்டன் தலைமையிலான பிரிட்டிஷ் குழுவில் டென்சிங்கிற்கு இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டுகளிலும் அவர் பல குழுக்களுடன் சென்றார். சுமை தூக்குவது பிறருக்குக் கூலி வேலை. டென்சிங்கிற்கோ அது சிகரத்தை நோக்கிய பாதையாக இருந்தது.

1952ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்துக் குழு அவரைச் சுமைதூக்கியாக மட்டுமல்லாமல் மலையேறியாகவும் ஏற்றுக்கொண்டது. அவரும் ரேமண்ட் லாம்பெர்ட்டும் ஏறத்தாழ 8,400 மீட்டர் உயரத்தில் ஓர் இரவைக் கழித்தனர். அவர்களிடம் உறங்கும் பை இல்லை, அடுப்பும் இல்லை. மெழுகுவத்திச் சுடரில் பனிக்கட்டியை உருக்கி, கிடைத்த சில மிடறு நீரைப் பகிர்ந்துகொண்டனர். மறுநாள் 8,600 மீட்டரை நெருங்கினர். ஆனால், உயிர்வளிக் கருவிகள் சரிவர இயங்கவில்லை. உடலில் வலிமையும் இல்லை. மேலும் ஏறினால் உயிருடன் திரும்ப முடியாது என்று உணர்ந்து இருவரும் இறங்கினர். மனவலிமை மட்டும் போதாது; உணவும் நீரும் கருவிகளும் உரிய நேரத்தில் உரிய இடத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்தத் தோல்வி உணர்த்தியது.

1953ஆம் ஆண்டு ஜான் ஹண்ட் தலைமையில் பிரிட்டிஷ் குழு புறப்பட்டது. டென்சிங் அக்குழுவின் ஷெர்ப்பாக்களுக்குத் தலைவராகவும் மலையேறியாகவும் பொறுப்பேற்றார். தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் எழுந்தது. காத்மாண்டுவில் பிரிட்டிஷ் தூதரகத்தில் மலையேறிகளுக்கு அறைகள் கிடைத்தன; ஷெர்ப்பாக்களுக்கோ கழிப்பறை வசதிகூட இல்லாத ஒரு வாகனக் கொட்டகை ஒதுக்கப்பட்டது. அவர்கள் கொதித்தெழுந்தனர். தம் மக்களின் தன்மானம் ஒருபுறம், பல ஆண்டுக் கனவு மறுபுறம் என டென்சிங் இரண்டுக்கும் நடுவில் நின்றார். ஷெர்ப்பாக்களின் மனக்குறையைக் குழுவினரிடம் எடுத்துரைத்தார், ஷெர்ப்பாக்களையும் அமைதிப்படுத்தினார். பயணம் தடைபடவில்லை.

அப்பயணத்தின் ஏற்பாடுகள் மிகப் பெரியவை. கூடாரம், உணவு, எரிபொருள், கயிறு, உயிர்வளிக் கலன் எனச் சுமைகள் ஏராளம். ஏறத்தாழ 350 சுமைதூக்கிகள் ஆளுக்கு 27 கிலோகிராம் அளவில் அவற்றைச் சுமந்தனர். மார்ச் மாதம் குழுவினர் இரு பிரிவுகளாக நடக்கத் தொடங்கி, இரண்டு வாரங்களுக்குப் பின் தியாங்போச்சே மடத்தை அடைந்தனர்.

அங்கிருந்து அவர்கள் உடனே எவரெஸ்டில் ஏறவில்லை. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைகிறது. எவரெஸ்ட் உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்வளி, கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். போதிய பழக்கமின்றி விரைந்து ஏறுபவருக்குத் தலைவலியும் வாந்தியும் உண்டாகும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிரே போகலாம். ஆகவே, குழுவினர் சில வாரங்கள் அருகிலிருந்த சிறிய சிகரங்களில் ஏறி இறங்கி, உடலைப் பழக்கினர். உயிர்வளிக் கருவிகளையும் சோதித்துப் பார்த்தனர்.

பிறகு மலையில் படிப்படியாகக் கூடாரங்கள் அமைக்கப்பட்டன. பனிப்பிளவுகள் நிறைந்த கும்பு பகுதியில் நியூசிலாந்தைச் சேர்ந்த எட்மண்ட் ஹில்லரி பிளவு ஒன்றில் விழுந்தார். கயிற்றின் மறுமுனையில் இருந்த டென்சிங் பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுகப் பிடித்து அவரைக் காப்பாற்றினார். அன்றுமுதல் இருவரும் இணைந்து ஏறினர்.

மே மாதப் பிற்பகுதியில், 7,900 மீட்டர் உயரத்திலுள்ள தென் கணவாய்க்குச் சுமைகளைக் கொண்டு செல்ல ஷெர்ப்பாக்கள் தயங்கினர். சிகரத்திற்குச் செல்லவிருந்த டென்சிங்கும் ஹில்லரியும் வலிமையைச் சேமித்து வைக்க வேண்டிய நேரம் அது. ஆயினும், அவர்களே முன்சென்று ஷெர்ப்பாக்களை வழிநடத்தினர். சுமைகள் கணவாயைச் சேர்ந்தன.

மே 26ஆம் நாள் சார்ல்ஸ் எவன்ஸ், டாம் பூர்டில்லன் இருவரும் முதலில் முயன்றனர். சிகரத்திற்கு நூறு மீட்டர் கீழே தென்முனையை அடைந்தபோது நண்பகல் கடந்துவிட்டது, உயிர்வளியும் குறைந்திருந்தது. சிகரம் கண்ணெதிரே தெரிந்தும் அவர்கள் திரும்பினர். அவர்கள் திரட்டி வந்த செய்திகள் அடுத்த இருவருக்குப் பயன்பட்டன.

மே 28ஆம் நாள் டென்சிங்கும் ஹில்லரியும் 8,500 மீட்டர் உயரத்தில் தங்கினர். இம்முறை அவர்களிடம் அடுப்பு இருந்தது. பனியை உருக்கி வேண்டிய மட்டும் நீர் அருந்தினர். மறுநாள் காலை ஹில்லரியின் காலணிகள் பனியில் உறைந்து கிடந்தன. அவற்றைச் சூடாக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. ஆறரை மணிக்குப் புறப்பட்டு, முற்பகல் பதினொன்றரை மணிக்கு இருவரும் உலகின் மிக உயர்ந்த இடத்தில் நின்றனர். முந்தைய ஆண்டு வெறுங்கையுடன் திரும்பிய தம் நண்பர் லாம்பெர்ட் கொடுத்த சிவப்புக் கழுத்துத்துணியை டென்சிங் அணிந்திருந்தார். இனிப்புகளையும் தம் மகள் கொடுத்த பென்சிலையும் பனியில் புதைத்துக் காணிக்கையாக்கினார். பதினைந்து நிமிடங்களுக்குப் பின் இருவரும் இறங்கத் தொடங்கினர்.

இருவருள் யார் முதலில் கால் வைத்தார் என்ற கேள்வி பெரும் சர்ச்சையானது. ஒரே கயிற்றில் இணைந்து ஏறியவர்களுக்கு அக்கேள்வி பொருளற்றதாகத் தோன்றியது. ஆயினும், 1955ஆம் ஆண்டு வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில், ஹில்லரியே சில அடிகள் முன்னே சென்றார் என்பதை டென்சிங் ஒளிக்காமல் தெரிவித்தார்.

1954ஆம் ஆண்டு டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. களப்பயிற்சி இயக்குநராகப் பொறுப்பேற்ற டென்சிங், ஆண்டுதோறும் இளையோருக்கு முடிச்சுப் போடுவதிலிருந்து பனிச்சரிவில் நடப்பதுவரை கற்றுக்கொடுத்தார். 1986ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் மறைந்து பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், எம். மகேந்திரனும் என். மோகனதாசும் எவரெஸ்டில் மலேசியக் கொடியை நாட்டினர். டென்சிங்கும் ஹில்லரியும் சென்ற அதே தென் கணவாய் வழியாகத்தான் அவர்களும் ஏறினர். அவர்களுக்கு முன்னும் ஷெர்ப்பாக்கள் கயிறு கட்டினர், சுமை தூக்கினர். சிகரத்தில் நிற்பவர் சிலரே. அவர்களை அங்கு நிறுத்துபவர் பலர். சுமைதூக்கியாகத் தொடங்கிச் சிகரத்தைத் தொட்ட டென்சிங் இவ்விரு தரப்பிலும் வாழ்ந்தவர்.