ஒரே நாளில் பல் கேப் எப்படி ரெடியாகிறது? வழி போட்டவர் ஒரு கார் இன்ஜினீயர்!

ரூட் கெனால் முடிந்து கேப் போட, முன்பெல்லாம் வாயில் பசை போன்ற கலவையை வைத்து அளவெடுப்பார்கள். அது லேபுக்குப் போய்த் திரும்ப நாள்கணக்காகும். இப்போ பல கிளினிக்குகளில் குட்டி கேமராவால் பல்லை ஸ்கேன் செய்து, திரையில் கேப்பை வடிவமைத்து, மில்லிங் மெஷினில் பீங்கான் கட்டியைக் குடைந்து, அன்றைக்கே மாட்டிவிடுகிறார்கள்.

திரையில் வரைவதை மெஷின் அப்படியே வெட்டித்தரும் முறையின் முன்னோடிகளில் ஒருவர், பல் மருத்துவரே அல்ல. பிரான்ஸைச் சேர்ந்த பியர் பெசியே.

யார் இவர்?

1910-ல் பாரிஸில் பிறந்தவர். தாத்தா, அப்பா இருவருமே இன்ஜினீயர்கள். மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் இரண்டும் படித்துவிட்டு 1933-ல் ரெனோ கார் நிறுவனத்தில் சேர்ந்தார். 42 ஆண்டுகள் அங்கேயேதான்.

என்ன சிக்கல்?

அப்போது கார் பாடியின் வளைவுகளைக் கையால் வரைந்து, களிமண்ணிலும் மரத்திலும் மாதிரி செய்வார்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் வடிவம் கொஞ்சம் மாறும். கடைசியில் எது சரி என்று சொல்ல ஆளிருக்காது.

என்ன செய்தார்?

1960-ல், 50 வயதை எட்டியபோது, வளைவை எண்களாக மாற்றும் ஆராய்ச்சியில் இறங்கினார். சில புள்ளிகளை நகர்த்தினால் வளைவும் கூடவே வளையும். அந்த எண்களே மில்லிங் மெஷினுக்கும் போகும். கணக்கு தெரியாத வடிவமைப்பாளரும் பயன்படுத்த வேண்டும் என்பதில் பெசியே உறுதியாக இருந்தார். 1968-ல் ரெனோவில் யூனிசர்ஃப் என்ற பெயரில் அது வேலைக்கு வந்தது.

முதலில் கண்டுபிடித்தது அவரா?

இல்லை. சிட்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்ஜோ 1959-லேயே அதே கணக்கைப் போட்டிருந்தார். நிறுவனம் அதை ரகசியமாகப் பூட்டி வைத்தது. பெசியே தனியாகக் கண்டுபிடித்ததை வெளியிட்டார். அதனால் வளைவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

பல்லுக்கு எப்படி வந்தது?

கார் ஆலையில் சாத்தியமானது வாய்க்குள்ளும் சாத்தியமா என்று யோசித்தவர் லியோன் நகரின் ஃபிரான்சுவா துரே. ஒளியால் பல்லை அளவெடுப்பது பற்றி 1973-ல் ஆய்வேடு எழுதினார். 1985-ல் சூரிச்சில் வெர்னர் மோர்மான், மார்கோ பிராண்டெஸ்டினி உருவாக்கிய செரெக் கருவி, நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே பீங்கான் அடைப்பைக் குடைந்து தந்தது.

ஆனால் சாதாரண கிளினிக்குகளுக்கு அது பரவ வெகுகாலம் பிடித்தது. மெஷின் விலை அதிகம். ஆரம்பகால மென்பொருளில் வடிவமைப்பதும் லேசாக இல்லை. பெசியே அன்றே பிடிவாதமாக இருந்த விஷயம்தான் இங்கும் தேவைப்பட்டது: கணக்கு உள்ளே மறைந்திருக்க வேண்டும், மருத்துவர் பல்லைப் பார்த்தால் போதும். எவ்வளவு துல்லியமாக மெஷின் வெட்டினாலும், கலர் பேப்பரைக் கடிக்கச் சொல்லி எங்கே இடிக்கிறது என்று பார்ப்பது இன்றும் மருத்துவரின் கண்தான்.

1975-ல் ஓய்வு பெற்ற பெசியே, 67 வயதில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 1999-ல் மறைந்தார். இதைப் படிக்கும் உங்கள் போனில் தெரியும் எழுத்துகளின் வளைவுகளும் அவர் பெயர் தாங்கியவைதான்.