டி.வி.எஸ். – மூன்றெழுத்தில் நம்ம ஊரு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

டி.வி.எஸ். 50 வண்டியைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. பின்னால் இரண்டு வாழைத்தார், முன்னால் ஒரு மூட்டை, நடுவில் ஒரு ஆள் என்று நம்ம மாவட்டம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிற வண்டி அது. ஆனால் அந்த மூன்றெழுத்தின் முதல் எழுத்து நம்ம மாவட்டத்து ஊர்ப்பெயர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. டி என்றால் திருக்குறுங்குடி. வி என்றால் வேங்கரம். எஸ் என்றால் சுந்தரம். களக்காடு, வள்ளியூர் பக்கமிருந்து வரும் ஹாஸ்டல் நண்பர்களுக்கு வேண்டுமானால் தெரிந்திருக்கும். நான் திருநெல்வேலி டவுணுக்காரன், எனக்கே போன வருடம்தான் தெரியும்.

தாமிரபரணிக்குத் தெற்கே, நம்பியாறு பாயும் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது திருக்குறுங்குடி. நம்பி கோயிலால் பேர் பெற்ற ஊர். அங்கே 1877-ஆம் ஆண்டு மார்ச் 22-ல் பிறந்தவர்தான் டி.வி. சுந்தரம் அய்யங்கார். அப்பாவின் விருப்பப்படி முதலில் சட்டத் தொழிலுக்குப் போனார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். பிறகு ஒரு பேங்கில். அந்தக் காலத்தில் ரயில்வே உத்தியோகமும் பேங்க் உத்தியோகமும் எவ்வளவு பெரிய விஷயம்! இந்தக் காலத்திலேயே எங்க வீட்டில், டிப்ளமோ முடித்ததும் ரயில்வே பரீட்சை எழுது, ரயில்வே பரீட்சை எழுது என்று அத்தை தினமும் ஜெபம் பண்ணுவது போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் அவர்கள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் சுந்தரம் அய்யங்கார் அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு 1911-ல் பஸ் தொழிலில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 34.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தொழில் வளர்ந்தது. புதுக்கோட்டை – தஞ்சாவூர் பாதையில் ஆரம்பகால பஸ்கள் ஓடின. தார் ரோடு கிடையாது. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போகிற ரோட்டில்தான் பஸ்ஸும் போக வேண்டும். மாட்டுக்கும் குதிரைக்கும் அடித்த லாட ஆணிகள் கழன்று ரோட்டில் கிடக்கும், அதில் ஏறினால் டயர் பஞ்சர். காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. பஞ்சர் ஆன பிறகு ஒட்டுவதற்கு எல்லோருக்கும் தெரியும். பஞ்சர் ஆவதற்கு முந்தியே ஆணியைத் தேடிப்போனவர் என்றுதான் ஜனங்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். பிறகு சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் பெருகின. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்துக்கு நேரம் வைத்தோம் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் நிறைய உண்டு.

நண்பர்களே, நேரம் தவறாமல் பஸ் ஓட்டுவது டிரைவர் கையில் மட்டும் இல்லை. வழியில் நிற்காத எஞ்சின் வேண்டும். வழியில் நிற்காத எஞ்சின் வேண்டுமென்றால், அது நிற்கப்போகிறது என்பதை ஒரு மாதம் முன்னாலேயே யாராவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லுவதில் ஆயிலை மிஞ்சிய ஆள் கிடையாது. இங்கேதான் நம்ம பாடம் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எந்த எஞ்சினும் ஆயில் குடிக்கும். பிஸ்டன் ஏறி இறங்கும்போது சிலிண்டர் சுவரில் மெல்லிய ஆயில் படலம் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரிங் கடித்துவிடும். ஆயில் ரிங் வழித்து இறக்கியது போக மிச்சம் இருக்கும் அந்தப் படலத்தில் கொஞ்சம் எரிந்துதான் போகும். சில கம்பெனிகளின் கையேட்டில் 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை, சிலவற்றில் ஒரு லிட்டர் வரை கூடச் சரி என்று போட்டிருக்கிறார்கள். ஆகவே ஆயில் குறைகிறதே என்று பயப்பட வேண்டியதில்லை. போன மாதம் எவ்வளவு குறைந்தது, இந்த மாதம் எவ்வளவு குறைகிறது என்பதுதான் கேள்வி. அது எழுதி வைத்தவனுக்குத்தான் தெரியும்.

சுந்தரம் அய்யங்கார் தொழில் தொடங்கிய காலத்து ஆயிலில் இப்போது போல அழுக்கைக் கரைத்து வைத்துக்கொள்ளும் சேர்மானங்கள் கிடையாது. கரியும் கசடும் அடியில் படியும். இன்று 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறோம். அன்று ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கி.மீ.க்குள் மாற்றியாக வேண்டும். ஏர் பில்டர் சரியில்லாமல் புழுதி உள்ளே போனால் ரிங்கும் போரும் சீக்கிரம் தேயும். அப்படிப்பட்ட எஞ்சின்களை வைத்துக்கொண்டு மணி தவறாமல் ஓட்டினார் என்றால் பின்னால் ஷெட்டில் எவ்வளவு வேலை நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்கள் நின்றுபோகும் நிலை. அப்போது அவர் கரியில் ஓடும் கேஸ் பிளான்ட்டைத் தயாரித்தார். டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்றே அதற்குப் பேர். அடுப்புக்கரியைக் கொஞ்சம் காற்று மட்டும் விட்டு எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதைக் குளிரவைத்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் விட வேண்டும். பெட்ரோலில் கிடைக்கிற சக்தி கிடைக்காது, ஏறக்குறைய பாதி வரைக்கும் கூடக் குறைந்துவிடும். மேடு வந்தால் பஸ் திணறும். ஆனாலும் ஓடும். இந்த வாயுவில் இன்னொரு வம்பும் உண்டு. வடிகட்டியில் தப்பிய சாம்பல் சிலிண்டருக்குள் போய் ரிங்கை அரைக்கும், தார் வால்வில் ஒட்டும், ஆயில் கருத்துக் கெட்டியாகும். எனவே கரிவாயு வண்டியில் வடிகட்டி சுத்தம் பண்ணுவதும் ஆயிலைப் பார்ப்பதும் அன்றாடச் சோறு மாதிரி. டயரும் கிடைக்காத காலம் என்பதால் தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் போடும் தொழிலையும் ஆரம்பித்தார். என்னைக் கேட்டால், நல்ல காலத்தில் பஸ் ஓட்டியதை விட இதுதான் பெரிய காரியம் என்பேன். இருக்கிற எஞ்சினையும் இருக்கிற டயரையும் சாகவிடாமல் காப்பாற்றுவதும் இஞ்சினீயரிங்தான். நம்ம சிலபஸில் அதற்கு மார்க் குறைவு, அது வேறு விஷயம்.

இனி எங்க வீட்டுக் கதை கொஞ்சம். எங்க அப்பா ஒரு முதலாளியிடம் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார்கள். ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் கார். பாபநாசம், குற்றாலம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று சவாரி. போன வருடம் அடிக்கடி ஆயில் கேன் வாங்கி ஊற்ற வேண்டி வந்தது. பில்லைப் பார்த்த முதலாளி, வாங்கிய ஆயில் எல்லாம் எஞ்சினுக்குத்தான் போகிறதா என்று கேட்டுவிட்டார். பதினெட்டு வருடமாக அவரிடம் ஓட்டுகிறவர்கள் அப்பா. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்கள். கோபப்பட்டிருந்தால் கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அடுத்த ஆயில் மாற்றின அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன். தேதி, கி.மீ., டிப்ஸ்டிக் அளவு, ஊற்றியது எத்தனை மில்லி. இவ்வளவுதான். ஆனால் சில கண்டிஷன் உண்டு. வண்டி தினமும் ஒரே சமதளமான இடத்தில் நிற்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் பார்க்க வேண்டும், அப்போதுதான் ஆயில் எல்லாம் அடியில் இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கைத் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு, மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். ஊற்றும்போது கேனிலிருந்து குத்துமதிப்பாக ஊற்றக்கூடாது, அளவு ஜாடியில் அளந்து, எப்போதும் மேல் கோடு வரைக்கும் மட்டும். அப்பாவுக்குத் தமிழ் எழுத வராது, எண் எழுத வரும். அது போதுமே.

6000 கி.மீ. முடிவில் கூட்டிப் பார்த்தேன். முதல் 2000 கி.மீ.க்கு 1 லிட்டர். அடுத்த 2000-க்கு 1.4 லிட்டர். கடைசி 2000-க்கு 2.1 லிட்டர். மொத்தம் 4.5 லிட்டர், அதாவது 1000 கி.மீ.க்கு 750 மில்லி. சராசரியை மட்டும் பார்த்தால் சில கம்பெனிக் கணக்கில் இது பாஸ். ஆனால் 500, 700, 1050 என்று ஏறிக்கொண்டே போகிறதே! கட்டத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். படிக்காதவருக்கும் புரிகிற கோடு. ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தோம், ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆக, வெளியே போகவில்லை, உள்ளேதான் எரிகிறது. பாபநாசத்துக்கு மேலே மலை ஏறும்போது நீலப் புகை. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று காற்று அடித்தது.

அப்பா நோட்டை முதலாளி முன்னால் வைத்தார்கள். அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு கம்ப்ரெஷன் பார்க்கச் சொன்னார். மூன்றாவது சிலிண்டரில் குறைவு. பிரித்தால் ஆயில் ரிங் கரி பிடித்துப் பள்ளத்திலேயே ஒட்டிக்கிடந்தது. போர் இன்னும் கெடவில்லை, ரிங் செட் மாற்றியதோடு போயிற்று. இன்னும் விட்டிருந்தால் போர் அடித்துப் பிஸ்டனும் மாற்ற வேண்டியிருக்கும் என்றார் மெக்கானிக். முதலாளி அப்பாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுநாள் மூன்று நீள நோட்டு வாங்கிக் கொடுத்து, மற்ற வண்டிகளுக்கும் இதே மாதிரி கோடு போட்டுத் தரச் சொல்லி அனுப்பினார். எங்க அப்பா அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆயில் குறையவே இல்லை, ஏறுகிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள். டீசல் இறங்கிக் கலந்திருக்கலாம், ரேடியேட்டர் தண்ணீர் புகுந்திருக்கலாம். மோந்து பாருங்கள், நிறம் பாருங்கள், வண்டியை எடுக்காதீர்கள்.

சுந்தரம் அய்யங்காரின் குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளம் வயதில் கணவரை இழந்த அவர் மகள் சௌந்தரம், டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார். விதவைப் பெண்கள் வீட்டு மூலையில் இருந்த காலம் அது. பின்னர் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்து, இருவரும் சேர்ந்து 1947-ல் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் தொழிலை ஏற்றார்கள். சுந்தரம் அய்யங்கார் 1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் காலமானார். லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா எல்லாம் அவருக்குப் பிறகு 1960-களில் வந்தவை. டி.வி.எஸ். 50 வந்தது 1980-ல். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

பஸ்கள் 1972-ல் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. அதிலிருந்து பிரிந்துதான் 1974-ல் நம்ம திருநெல்வேலிக்குக் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997-ல் பேர் மாறி, இப்போது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம். அரசு பஸ் டெப்போக்களில் லிட்டர் டீசலுக்கு எத்தனை கி.மீ. என்று பார்ப்பது போலவே லிட்டர் ஆயிலுக்கு எத்தனை கி.மீ. என்றும் கணக்குப் பார்க்கிறார்கள். இன்பிளான்ட் டிரெய்னிங்குக்கு டெப்போ கிடைக்கிறவர்கள் எஞ்சினைப் பார்த்துவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள். அந்த ரிஜிஸ்தரைக் கேட்டு வாங்கி, ஒரே பஸ்ஸின் கணக்கை ஆறு மாதத்துக்குப் பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள்.