ஜகதீஷ் சந்திர போஸ்: கொல்கத்தாவில் ஒரு மைல் தூரத்துக்கு வயர்லெஸ் லிங்க் போட நினைத்தவர்

உங்கள் ஆபீஸ் மொட்டை மாடிக்கு எப்போதாவது போயிருக்கிறீர்களா? தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பம் இருக்கலாம். அதில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வெள்ளை டிஷ், தூரத்தில் தெரியும் இன்னொரு கட்டிடத்தைப் பார்த்தபடி நிற்கும். அந்தக் கட்டிடத்திலும் இதே மாதிரி ஒன்று இதைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் டிஷ்ஷுக்குப் பின்னால் சாதாரண ஈதர்நெட் கேபிள் செருகியிருக்கும், நடுவில் வெறும் காற்று. உங்கள் லேப்டாப்பைப் பொறுத்தவரை அது ஒரே நீளமான கேபிள் மாதிரிதான்.

தேனி மாவட்டத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களின் நடுவில் கிராமத்துப் பார்வை மையங்களை இப்படிப்பட்ட நீண்டதூர வைஃபை லிங்க்குகளால்தான் மருத்துவமனையோடு இணைத்தது. கிராமத்தில் உட்கார்ந்திருந்த நோயாளியை டாக்டர் திரையில் பார்த்துப் பேச முடிந்தது.

இந்த வேலையைக் கொல்கத்தாவில் 1896-க்கு முன்பே ஒருவர் திட்டமிட்டிருந்தார். ஒரு முனை பிரெசிடென்சி கல்லூரி, மறுமுனை அவர் வீடு, நடுவில் சுமார் ஒரு மைல். லிங்க் முடியவில்லை. அவர்தான் ஜகதீஷ் சந்திர போஸ்.

போஸ் பற்றி உங்களுக்கு வந்திருக்கக்கூடிய வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஒன்றுதான்: ரேடியோவைக் கண்டுபிடித்தவர் போஸ், திருடியவர் மார்க்கோனி. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்த இன்னொரு பாதியை விட்டுவிட்டால் போஸ் உண்மையில் செய்த பெரிய காரியம் நம் கண்ணில் படாமலே போய்விடும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

சம்பளம் வாங்காத மூன்று வருடம்

1858 நவம்பர் 30-ல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் ஆங்கிலேய அரசில் அதிகாரி, பிரம்ம சமாஜத்துக்காரர். அரசு அதிகாரி வீட்டுப் பையன் என்றால் இங்கிலீஷ் மீடியம்தான் என்று இருந்த காலத்தில், மகனை முதலில் வங்காளிப் பள்ளியில்தான் சேர்த்தார். மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

பிறகு கொல்கத்தா செயின்ட் சேவியர்ஸ். 1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். காய்ச்சல் விடாமல் படுத்தியதால் அதைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார். அங்கே பாடம் எடுத்தவர்களில் ஒருவர் இயற்பியலாளர் லார்ட் ரேலி.

1885-ல் ஊர் திரும்பி பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தார். இந்த இடத்தைச் சம்பளத்துக்கு வேலை செய்யும் நீங்கள் கவனிக்க வேண்டும். அதே வேலையைச் செய்யும் ஐரோப்பியர் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் வேலை தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. ஐரோப்பிய சக ஊழியர் 3 ரூபாய் வாங்கினால் இவருக்கு 1 ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் ராஜினாமா செய்யவில்லை, வகுப்புக்குப் போகாமலும் இருக்கவில்லை. பாடம் எடுத்தார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. மூன்று வருடம் இப்படியே போனது. வீட்டில் அப்பாவின் தொழில் முயற்சிகள் நொடித்துக் கடன் ஏறியிருந்தது. 1887-ல் அபலாவுடன் திருமணமும் ஆகிவிட்டது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனுக்குப் போனது.

24 சதுர அடி அறையும் ஒரு தகர வேலைக்காரரும்

1894 நவம்பரில், 36-வது பிறந்தநாளை ஒட்டி, ஆராய்ச்சியில் இறங்குவது என்று முடிவு செய்தார். மின்காந்த அலைகள் உண்டு என்பதை ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் 1880-களின் கடைசியிலேயே நிரூபித்திருந்தார். அவருடைய வேலையைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் எழுதியதைப் படித்துத்தான் போஸுக்கு இதில் ஆர்வம் வந்தது.

கல்லூரியில் ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. கிடைத்தது குளியலறைக்குப் பக்கத்தில் 24 சதுர அடியில் ஒரு சின்ன அறை. நம்மில் பலருடைய மாடுலர் கிச்சன் மேடையே இதைவிடப் பெரிது. துணைக்கு உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவர். அவரிடம் வரைந்து காட்டி, தட்டி வளைத்து, கருவிகளைச் செய்ய வைத்தார்.

இட நெருக்கடிக்கும் அவர் எடுத்த முடிவுக்கும் சம்பந்தம் உண்டு. ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது, லென்ஸில் வளைகிறது. இந்தக் கண்ணுக்குத் தெரியாத அலையும் அப்படியே நடக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் திட்டம். ஹெர்ட்ஸின் அலைநீளம் பெரும்பாலும் அரை மீட்டருக்கு மேல். அதற்கு லென்ஸ் செய்தால் அறைக்குள் அடங்காது. எனவே போஸ் அலையைச் சுருக்கிக்கொண்டே போனார். சுமார் 5 மில்லிமீட்டர் வரை வந்தார். இன்றைய கணக்கில் அது 60 கிகாஹெர்ட்ஸ்.

இந்த எண்ணை மனதில் வையுங்கள். உங்கள் வீட்டு வைஃபை 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ். 2022-ல் இந்தியா 5ஜி-க்கு ஏலம் விட்ட மில்லிமீட்டர் அலை 26 கிகாஹெர்ட்ஸ். தகரமும் கம்பியும் வைத்து 1890-களில் 60!

அலையை ஒரு பக்கமாக அனுப்பவும் பிடிக்கவும் புனல் மாதிரி ஒரு குழாய் செய்தார். இன்று இன்ஜினியர்கள் ஹார்ன் ஆன்டெனா என்று சொல்வது அதைத்தான். முறுக்கிய சணலை நடுவில் வைத்து அலை அதிரும் திசை திரும்புவதைக் காட்டினார். ஒரு ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாளைச் செருகி, ஒரு திசை அலையை மட்டும் விடும் வடிகட்டியாக அதை மாற்றினார். எனக்குப் பிடித்த கருவி இதுதான்.

டவுன் ஹாலில் நடந்தது

1895-ல் கொல்கத்தா டவுன் ஹாலில் பொதுமக்கள் முன்னால் செய்து காட்டினார். 75 அடி தூரம், நடுவில் சுவர்கள், வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னரே குறுக்கே உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. தூரம் போதவில்லை என்பதற்காக 20 அடிக் கம்பத்தின் உச்சியில் வட்டமான உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தி அனுப்பும் கருவியோடு இணைத்தார், வாங்கும் கருவிக்கும் அதேபோல் ஒன்று.

இங்கே ஒரு சின்ன சந்தேகம் வர வேண்டும். 5 மில்லிமீட்டர் அலை மனித உடலைத் தாண்டாது, தோலிலேயே நின்றுவிடும். செங்கல் சுவரிலும் அது ரொம்பவே தேய்ந்துபோகும். ஆனால் தீப்பொறியில் பிறக்கும் அலை ஒரே நீளத்தில் வராது. கம்பமும் தகடும் சேர்ந்தால் இன்னும் நீளமான அலைகள் கிளம்பும். அன்று சுவரைத் தாண்டியது அவைதான் என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். 60 கிகாஹெர்ட்ஸ் கவர்னரைத் துளைத்தது என்று எழுதுபவர்கள் இரண்டு சோதனைகளை ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

இந்த வெற்றிக்குப் பிறகுதான் கல்லூரிக்கும் வீட்டுக்கும் நடுவே அந்த ஒரு மைல் லிங்க் யோசனை. அது முடிவதற்குள் 1896-ல் ஐரோப்பியப் பயணம் வந்துவிட்டது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தன் கருவிகளை வைத்துப் பேசினார், பெரிய பெயர் கிடைத்தது. ஒரு மைல் அப்படியே நின்றுபோனது.

போட்டிருந்தால் வேலை செய்திருக்குமா? ஒரு ஷீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.6 கிலோமீட்டருக்கு 60 கிகாஹெர்ட்ஸ் லிங்க் என்றால் முதல் எதிரி ஆக்சிஜன். அந்த அலைவரிசையைக் காற்றில் உள்ள ஆக்சிஜன் கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபல் விழுங்கும். ஒரு மைல் போய்ச் சேர்வதற்குள் இதனால் மட்டும் சிக்னல் 250-ல் ஒரு பங்காகிவிடும். 5.8 கிகாஹெர்ட்ஸில் இந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட கிடையாது.

சாதகமும் உண்டு. இரண்டு முனைகளுக்கு நடுவே நேர்கோடு தெரிந்தால் மட்டும் போதாது, அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு சுருட்டு வடிவ இடமும் காலியாக இருக்க வேண்டும். லிங்க் போடுபவர்கள் இதை ஃப்ரெனல் ஜோன் என்பார்கள். மரக்கிளை உள்ளே நீட்டினால் இணையம் திணறும். 5.8-ல் ஒரு மைலின் நடுவில் இதன் ஆரம் சுமார் 4.5 மீட்டர். 60-ல் வெறும் 1.4 மீட்டர். டிஷ்ஷும் சின்னதாகப் போதும். ஆனால் கற்றை அவ்வளவு மெல்லியது என்பதால் கம்பம் காற்றில் ஆடினாலே குறி தப்பிவிடும். இன்றைய ரேடியோக்கள் இதையெல்லாம் சமாளித்து இந்தத் தூரத்தை எட்டுகின்றன. போஸிடம் இருந்தது தீப்பொறி. 5 மில்லிமீட்டரில் அவருக்கு ஒரு மைல் கிடைத்திருக்காது, கம்பத்தோடு நீள அலையில் கிடைத்திருக்கலாம்.

மார்க்கோனி பிடித்துக்கொண்டது அந்த நீள அலையைத்தான். அவருக்கு வேண்டியது தூரம், கப்பலுக்குத் தந்தி, அதை வைத்து ஒரு கம்பெனி. 1901 டிசம்பரில் அட்லாண்டிக்கைத் தாண்டியபோது அவர் பயன்படுத்தியது நூற்றுக்கணக்கான மீட்டர் நீள அலை. போஸ் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார்.

ஃபார்வர்டில் உள்ள உண்மை

அப்படியென்றால் திருட்டு எங்கே? வாங்கும் முனையில். 1899-ல் போஸ் ராயல் சொசைட்டியில் வெளியிட்ட ஆய்வில் இரும்பும் பாதரசமும் சேர்ந்த ஒரு அலை உணரியை, டெலிபோன் ரிசீவரோடு இணைத்து விவரித்திருந்தார். மார்க்கோனி அட்லாண்டிக் சோதனையில் வைத்திருந்த பாதரச உணரி இத்தாலியக் கடற்படை வழியாக அவர் கைக்கு வந்தது. அதன் மூலம் போஸின் வடிவமைப்புதான் என்று 1998-ல் ஐஇஇஇ ஆய்விதழில் விரிவான கட்டுரை வெளியானது. எல்லா வரலாற்றாளர்களும் இதை முழுதாக ஏற்கவில்லை. 1909 நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் போனது.

போஸ் காப்புரிமை வாங்கியிருந்தால்? 1901-ல் லண்டனில் ஒரு தந்தி நிறுவன முதலாளியே தேடி வந்து விண்ணப்பத்தை நீட்டினார். போஸுக்கு அந்தப் பணப் பேச்சே பிடிக்கவில்லை, நண்பர் தாகூருக்கு வருத்தத்தோடு எழுதினார். சகோதரி நிவேதிதாவும் அமெரிக்கத் தோழி சாரா புல்லும் விடாமல் வற்புறுத்தியதால் ஒரே ஒரு கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பித்தார். 1904 மார்ச் 29-ல் கிடைத்தது, எண் 755,840. கலீனா என்ற ஈயக் கனிமத்தால் ஆன உணரி அது. குறைக்கடத்திக் கருவிக்குக் கிடைத்த உலகின் முதல் காப்புரிமைகளில் ஒன்றாக இன்று அதைச் சொல்கிறார்கள். அதை வைத்து அவர் ஒரு பைசா சம்பாதிக்கவில்லை.

சம்பளத்தில் ஒரு ரூபாயை விட்டுக்கொடுக்காத அதே மனிதர்தான் இவர். முரண்பாடாகத் தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. முதலாவது மரியாதைப் பிரச்சினை, இரண்டாவதை அவர் வியாபாரமாகப் பார்த்தார். அது தவறான கணக்கு என்று நீங்கள் வாதிடலாம். நிவேதிதாவும் அப்படித்தான் நினைத்தார்.

அதற்குள் போஸின் கவனம் செடிகளுக்குப் போயிருந்தது. தொட்டால் உலோகமும் இலையும் எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்ற ஆய்வு லண்டனில் பெரிய சண்டையைக் கிளப்பியது. செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் செய்தார். 1917-ல் சர் பட்டம், அதே வருடம் பிறந்தநாளன்று போஸ் இன்ஸ்டிடியூட் தொடக்கம். 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். அவரிடம் படித்தவர்களில் சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாகாவும் உண்டு. 1937 நவம்பர் 23-ல் கிரிடிக்கில் காலமானார், 79-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது.

மில்லிமீட்டர் அலையைப் பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாகத் தொடவில்லை. பிறகு ரேடார் வந்தது, வானியல் வந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்த 12 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியின் ரிசீவர் ஒன்றில் போஸின் 1897 கட்டுரையிலிருந்த யோசனைகளைச் சேர்த்தார்கள். 2012-ல் ஐஇஇஇ அமைப்பு அவருடைய 1894-96 சோதனைகளை மைல்கல்லாக அறிவித்தது.

இந்தியாவிலோ, 60 கிகாஹெர்ட்ஸை உள்ளடக்கிய வி-பேண்டை உரிமம் இல்லாமல் திறந்துவிடலாமா என்று தொலைத்தொடர்பு நிறுவனங்களும் தொழில்நுட்ப நிறுவனங்களும் பல ஆண்டுகள் மல்லுக்கட்டின. மொட்டை மாடி லிங்க்குகள் பலவும் நம்பியிருக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி 2018-லேயே திறக்கப்பட்டுவிட்டது.

கொல்கத்தா போனால் ஆச்சார்யா பிரபுல்ல சந்திர ரோட்டில் உள்ள போஸ் இன்ஸ்டிடியூட்டில் அவருடைய கருவிகளைப் பாருங்கள். அந்தத் தகரப் புனல் உங்கள் மாடியில் இருப்பதைவிடச் சின்னது.